ஏற்காடு... 95 டிகிரி காபி!

'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்'னு எழுதி ஒரு மார்க் வாங்கினவங்க எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்க. ஏற்காட்டுல அந்த விடை செல்லாது பாஸ்! கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கும். ஆக, அங்கே தண்ணி தளதளனு கொதிக்கிறப்பவும் சூடு 95 டிகிரிதான். காபிக்குத் தோதான சூடு 90-ல் இருந்து 96-னு சொல்வாங்க. சென்னையில கொதிக்கவெச்சு அரை நிமிஷம் ஆறவிடணும். ஏற்காட்டுல அடுப்புல இருந்து இறக்கி அப்படியே ஊத்திடலாம். தெர்மோடைனமிக்ஸ் வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு உதவின இடம் அதுதான்!

சேலத்துல இருந்து முப்பது கிலோ மீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு. படகுத் துறை, பகோடா பாயின்ட், மொளகா பஜ்ஜி... இதெல்லாம் உங்க டூர் ஆல்பத்துலயே இருக்கும், விட்டுடுவோம். நீங்க பார்க்க வேண்டியது ரோட்டோரமா சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே பம்மிக்கிட்டு நிக்கிற செடியை. 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த எம்.டி.காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபி அது. டிசம்பர், ஜனவரியில போனீங்கன்னா கொத்துக் கொத்தா சிவப்புப் பழம். ஒண்ணைப் பறிச்சு வாயில போட்டுப் பாருங்க. வழவழனு லேசான இனிப்பு இருக்கும், காபி வாசனை துளியும் இருக்காது!

என் கிளாஸ்மேட் ஒருத்தனோட வீடு அங்கேதான். நாலு ஏக்கர் தோட்டம். 'எஸ்டேட் ஓனர் பையன்'னு ஹாஸ்டல்ல ஓட்டுவோம். நேர்ல போனப்புறம்தான் கணக்கு புரிஞ்சுது. ஆறு கிலோ பழம் பறிச்சு, தோல் உரிச்சு, ஒரு நாளைக்கு மேல தொட்டியில ஊறவெச்சு, கழுவி, ஒரு வாரத்துக்கு மேல களத்துல காயப்போட்டா சுமார் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுத்தா அதுலயும் 15 சதவிகிதம் போல எடை காணாமப்போயிடும். இதுக்கு நடுவுல தண்டைக் குடையுற வண்டு வந்தா செடியே காலி. பறிக்க ஆள் கிடைக்கிறதும் குதிரைக் கொம்பு. இந்தத் தலைவலி எதுக்குனு அவங்கப்பா பழத்தை அப்படியே வியாபாரிக்குப் போட்டுடுவார்.

செம காமெடி என்ன தெரியுமா? அவங்க வீட்டு சமையல்கட்டுல இருந்தது சேலத்துக் கடையில வாங்கின சிக்கரி கலந்த பொடி. இருபத்தஞ்சு வருஷமா காபி விளைவிக்கிற மனுஷர், சொந்தத் தோட்டத்துக் காபியைக் குடிச்சதே இல்லை!

நாங்க போனப்போ வீட்டுல ஒரு டென்ஷன் ஓடிக்கிட்டிருந்துச்சு. தோட்டத்தை ரிசார்ட் கட்டக் கேட்டு ஒரு பார்ட்டி வந்திருந்தாங்க. பொங்கலுக்குள்ள பதில் சொல்லணும். "நீ இன்ஜினீயர் ஆகி வெளியூர் போயிடுவ. நான் யாருக்குடா காவல் காக்கிறது?" - இது அப்பா. "நாமளே வறுத்து வித்தா என்னப்பா?" - இது மகன். "உன் காபியை எவன் வாங்குவான்?"

அந்தக் கேள்விக்காகத்தான் நண்பன் ஃப்ரெஞ்ச் பிரஸ் வாங்கி வெச்சிருந்தான். கண்ணாடி ஜாடி, உள்ளே சல்லடை வெச்ச ஒரு அமுக்கி. அவ்வளவுதான் மெஷின். பேருதான் ஃப்ரெஞ்ச். 1852-லேயே பிரான்ஸ்ல இந்த மாதிரி ஒண்ணுக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தாலும், 1929-ல அட்டிலியோ காலிமானிங்கிற இத்தாலிக்காரர் பதிவு பண்ணினதுதான் இன்னிக்கு இருக்கிற மாடலுக்குத் தாத்தா. நம்ம ஃபில்டர்ல தண்ணி பொடி வழியா சொட்டுச் சொட்டா இறங்கும். இதுல பொடி தண்ணியிலேயே ஊறும். பேப்பர் வடிகட்டி இல்லாததால கொட்டையோட எண்ணெயும் சேர்ந்து கோப்பைக்கு வந்துடும். கொட்டை நல்லதோ மட்டமோ, ஒளிச்சுவைக்க முடியாது.

முந்தின நாள் இரும்புச் சட்டியில வறுத்த கொட்டையை மிக்ஸியில விட்டு விட்டு நாலு சுத்து சுத்தினான். உப்புமா ரவையைவிட ஒரு சுத்து பெருசா இருக்கணும். ஃபில்டர் காபிப் பொடியைப் போட்டீங்கன்னா அமுக்கியும் இறங்காது, அடியில சேறுதான் மிஞ்சும். 30 கிராம் தூளுக்கு 450 மில்லி தண்ணி. ஊத்தினதும் நுரை பொங்கி மேலே வந்துச்சு. புதுசா வறுத்த கொட்டைக்குள்ள இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வர்ற அழகு அது. ஒரு கலக்கு, மூடி போட்டு நாலு நிமிஷம், அப்புறம் அவசரமே இல்லாம ஒரு அமுக்கு. ஜாடியிலேயே விட்டுவைக்காதீங்க, ஊற ஊறக் கசக்கும்.

களத்துல காய் புரட்டிக்கிட்டிருந்த அக்காவுக்கும் ஒரு டம்ளர். மூணு வாய் குடிச்சுட்டு, "கண்ணு, பால் ஊத்தினா நல்லா இருக்கும்"னாங்க. நேர்மையான ரிவ்யூ! ஆனா, டம்ளர் காலி.

அங்கிள் பாலும் கேட்கலை, சர்க்கரையும் கேட்கலை. முதல் வாய்க்கு முகம் சுளிச்சார். ரெண்டாவது வாய்க்கு டம்ளரை மோந்து பார்த்தார். "இது மேல் காட்டுக் காயா, ஓடைப் பக்கத்துக் காயா?"னு மகனைக் கேட்டார். "மேல் காடுப்பா." "அதான். அங்கே நிழல் ஜாஸ்தி, மெதுவாத்தான் பழுக்கும்." அதுக்கப்புறம் அரை மணி நேரம் எந்தச் செடி எந்த வருஷம் வெச்சதுன்னு பேசிக்கிட்டே இருந்தார். ரிசார்ட் பேச்சு மட்டும் வரவே இல்லை. விக்க மாட்டேன்னும் சொல்லலை, விப்பேன்னும் சொல்லலை.

கிளம்புறப்போ ரெண்டு கிலோ வறுத்த கொட்டையை எங்க பையில திணிச்சு, "ஹாஸ்டல்ல குடுத்துப் பார்த்துட்டு என்ன சொல்றாங்கன்னு போன் பண்ணுங்க தம்பி. சும்மா சொல்லக் கூடாது"ன்னார்.

ஹாஸ்டல்ல ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்கு எங்கே போறது? எவர்சில்வர் சொம்பு, மேலே ஒரு தட்டு, நாலு நிமிஷம், டீ வடிகட்டி. ஊறல்தான் விஷயம், ஜாடி இல்லை. இதுவரைக்கும் பதினோரு பேர் குடிச்சிருக்காங்க. ஏழு பேர் சூப்பர், மூணு பேர் பால் கேட்டாங்க, ஒருத்தன் தூங்காம அரியர் பேப்பருக்குப் படிச்சு முடிச்சுட்டான். பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. லிஸ்ட்டை இன்னிக்கு ராத்திரி போன்ல வாசிக்கணும்.