16 பந்துகள், ஒரு பெயின்ட் வாளி!

11-வது பந்தில் அவர் கை நின்றுவிட்டது. துணியை மடியில் போட்டுவிட்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார். மீதி 5 பந்துகள் பிளாஸ்டிக் தட்டில் அப்படியே கிடந்தன. ஆவடியை அடுத்த வெள்ளானூரில், வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. வேலை நாளாக இருந்திருந்தால் மகன் கவனித்திருக்கவே மாட்டார்.

"என்னப்பா, வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. துணி சரியில்ல."

துணி சரியாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சென்னையின் பழைய கிளப் ஒன்றில் 30 வருடங்களுக்கு மேல் மார்க்கராக இருந்தவர். பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்கோர் போடுவது, பந்து எடுத்து வைப்பது, டேபிள் துணிக்கு பிரஷ் போட்டு இஸ்திரி தேய்ப்பது, ஜோடி கிடைக்காத மெம்பருக்கு ஜோடியாக ஆடுவது, எல்லாம் சேர்ந்ததுதான் மார்க்கர் வேலை. தினமும் அறை திறப்பதற்கு முன் ஸ்நூக்கர் பந்துகள் 22-ஐயும் ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தாக வேண்டும். அந்த விரல்கள்தான் இப்போது மடங்க மறுக்கின்றன.

ஸ்நூக்கர் நம் ஊட்டியோடு சேர்ந்த ஆட்டம் என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அவர் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த விளையாட்டுக்கு, பிறகு ஊட்டி கிளப்பில்தான் விதிகள் வடிவம் பெற்றன. "பிரதமரா இருந்த சேம்பர்லின் வேற, இவர் வேற" என்பதும் கூடவே வரும். கேட்டுக் கேட்டு மருமகளுக்கே மனப்பாடம்.

வீட்டில் இருப்பது ஸ்நூக்கர் டேபிள் அல்ல. 12 அடி டேபிள் போட வேண்டும் என்றால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். புறநகரில் மூடிவிட்ட ஒரு பார்லரில் இருந்து மகன் செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்த 7 அடி பூல் டேபிள் அது. அப்பா ரிட்டயர் ஆகி வந்ததில் இருந்து டி.வி முன்னாலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கியது. "கார் வாங்குற வரைக்கும்தான் இந்த இடம்" என்று மருமகள் போட்ட நிபந்தனை இன்னும் அமலில் இருக்கிறது.

சிக்கல் தூசியில் தொடங்கியது. வெளிவட்டச் சாலை பக்கத்திலேயே போகிறது. லாரிகள் கிளப்பும் புழுதி எவ்வளவு மூடி வைத்தாலும் டேபிளைத் தேடி வந்துவிடும். அதோடு கை எண்ணெய்ப் பசை, க்யூ நுனியில் தேய்க்கும் நீல சாக். இந்த சாக், பள்ளிக்கூட சாக்பீஸ் வகையே அல்ல. 1897-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்தக் கலவையில் இருப்பது சிலிக்காவும் அலுமினியம் ஆக்ஸைடும். பின்னது உப்புத்தாளிலும் இருப்பதுதான். அந்தத் தூள் ஒட்டிய பந்தை அப்படியே அழுத்தித் துடைத்தால், பளபளப்பை நாமே தேய்த்து எடுத்ததாகிவிடும்.

அழகுக்காக மட்டும் துடைப்பதில்லை. இரண்டு பந்துகள் மோதும் புள்ளியில் அழுக்கு இருந்தால், அந்தக் கண நேரத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். குறி சரியாக இருந்தும் பந்து கோணம் மாறி ஓடும். ஸ்நூக்கர்காரர்கள் இதை 'கிக்' என்பார்கள். மார்க்கர் சரியாகத் துடைக்கவில்லை என்று மெம்பர்கள் பழிபோடுவதும் இதனால்தான். அந்தப் பழி 30 வருடத்தில் தன்மேல் விழவிட்டதில்லை என்பது அப்பாவின் பெருமை.

அன்று இரவே மகன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பந்து துடைக்கத் தனி மெஷின்களே இருக்கின்றன. வட்டமான பெட்டி, அடியில் கம்பளம் ஒட்டிய தட்டு, சுற்றிலும் கம்பளச் சுவர். மோட்டார் ஓடும்போது பந்துகள் ஒன்றை ஒன்று உரசியபடி உருண்டு உருண்டு பளபளப்பாகும். தத்துவம் எளிமைதான். விலை எளிமையாக இல்லை. நல்ல மெஷின்கள் சில நூறு டாலர்கள். அதற்குமேல் கப்பல் செலவு, சுங்க வரி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கும் அவர் கண்ணில் இன்னொன்றும் பட்டது. பிடித்திருந்த மெஷின் அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, 110 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும்.

"வாஷிங் மெஷின்ல போட்டா என்ன? சாக்ஸுக்குள்ள சுத்திப் போடலாம்" என்றாள் ஒன்பதாவது படிக்கும் பேத்தி. ஒரு பூல் பந்து சுமார் 160 கிராம். 16 பந்துகள் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். டிரம்முக்குள் அவை குதித்தால் துணி துவைக்க வேறு மெஷின் பார்க்க வேண்டியதுதான்.

அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "கையால துடைச்சாதான் எந்தப் பந்துல கீறல், எந்தப் பந்துல பொரிச்சல்னு தெரியும். மெஷினுக்கு என்ன தெரியும்?" என்றவர், சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

நியாயமாக யோசித்தால், பார்லர் நடத்துகிறவருக்கு அந்த மெஷின் செலவல்ல, முதலீடு. நாளெல்லாம் பல டேபிள்கள் ஓடும் இடத்தில் ஒரு ஆள் சம்பளத்தை அது மிச்சப்படுத்தும். வாரத்துக்கு ஒரு முறை 16 பந்து துடைக்கும் வீட்டுக்கு அது அதிகம். அந்தப் பணம் கையில் இருந்தால் முதலில் நல்ல பந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மலிவான பாலியெஸ்டர் பந்துகள் சீக்கிரம் மங்கும். பீனாலிக் பிசினில் செய்தவை உழைக்கும். பெல்ஜியத்தில் செய்யப்படும் அராமித் பந்துகளுக்கு உலகம் முழுக்கப் பெயர் இருப்பது அதனால்தான்.

கையில் காசு இறங்காத வழி ஒன்றும் இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டில் டேபிள் வைத்திருக்கும் பலர் செய்வதுதான். காருக்கு வாக்ஸ் போடும் ஆர்பிட்டல் பாலிஷரை மல்லாக்கப் படுக்க வைத்து, அடிப்பாகத்தை வெட்டிய வாளியை அதன்மேல் பொருத்திவிடுவது. பாலிஷரின் வட்டத் தலைதான் வாளிக்கு அடித்தட்டு. வாளியின் உள்சுவரில் கம்பளம். ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு மாட்டி இதைச் செய்யலாமே என்று தோன்றும், கூடாது. அதன் வேகத்தில் பந்து வாளியைவிட்டுப் பறக்கும். ஆர்பிட்டல் தலை மெதுவாக, தள்ளாடியபடி சுற்றும். அந்தத் தள்ளாட்டம்தான் பந்தை எல்லாப் பக்கமும் புரட்டுகிறது.

பழைய பாலிஷர் ஒன்று 900 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயின்ட் வாளி மொட்டை மாடியில் இருந்தது. கம்பளத்துக்குப் பதிலாக மகன் அவசரத்தில் ஒட்டியது, வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியை வெட்டிய துண்டுகளை. வாளி தடதடவென்று ஆடி, தானாகவே கேட்வரை நகர்ந்துபோனது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால், சிவப்பு நிற 3-ம் நம்பர் பந்தில் மெல்லிய கோடுகள்.

அப்பா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மகனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"குக்கர் கைப்பிடியைக் கம்பி நார் போட்டுத் தேய்ப்பீங்களா?" என்று மருமகள்தான் கேட்டார். அவர் சொன்னதில் ரசாயனமும் இருந்தது. குக்கர் கைப்பிடியின் பேக்கலைட்டும் பீனாலிக் பந்தும் ஒரே குடும்பம். 1907-ல் லியோ பேக்லாண்ட் கண்டுபிடித்த அந்தப் பொருள் வராமல் இருந்திருந்தால், தந்தத்தில் பந்து கடைவதற்காக யானைகள் இன்னும் அதிகம் செத்திருக்கும். அதனால் கைப்பிடிக்கு என்ன மரியாதையோ அதுதான் பந்துக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. கொதிநீர் வேண்டாம், ப்ளீச் வேண்டாம், நார் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது முறை, தலைமை மெக்கானிக் அப்பா. கேட்காமலே வந்து உட்கார்ந்தார். கார் தரையில் போடும் மிருதுவான கம்பளத்தின் வெட்டுத்துண்டை வாங்கிவரச் சொன்னார். அதை நிரந்தரமாக ஒட்டாமல் வெல்க்ரோவில் மாட்டவைத்தார், கழற்றித் துவைப்பதற்காக. அழுக்கான கம்பளம் அழுக்கைத் திரும்பப் பந்துக்கே பூசும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாளி நகராமல் இருக்க, பாலிஷரை மரப்பலகையில் பட்டை போட்டு இறுக்கினார்கள். முதலில் பந்துகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்துவது, மோட்டார் பக்கம் ஈரமே போகாமல் பார்த்துக்கொள்வது, ஒரு ஈடுக்கு 8 பந்து, ஐந்து நிமிடம். கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் லேசாக ஒரு துடைப்பு. எல்லாம் சேர்த்து செலவு 1,500 ரூபாய்க்குள்.

சத்தம் மட்டும் குறையவில்லை. மதியத் தூக்க நேரத்தில் ஓட்டக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

இப்போது ஞாயிறு காலைகளில் சுவிட்ச் போடுவது அப்பாதான். வாளிக்குள் எட்டிப் பார்த்தபடி நிற்பார். வெளியே வரும் ஒவ்வொரு பந்தையும் விரல் நுனியில் உருட்டி, கீறல் பார்த்துத் தட்டில் வைப்பார். 3-ம் நம்பர் வரும்போது மட்டும் மகனை ஒரு பார்வை. கடைசித் துடைப்புக்கு விரல்கள் போதுமான அளவு ஒத்துழைக்கின்றன.

போன வாரம் பேத்தியோடு ஆடும்போது, மூலைப் பைக்கு நேராக இருந்த 8-ம் நம்பர் பந்தைத் தவறவிட்டார். பந்தை முறைத்துப் பார்த்தார்.

"தாத்தா, இனிமே பந்து அழுக்குன்னு சாக்கு சொல்ல முடியாது."

"சாக்கு இருக்கட்டும். சாக் எங்கம்மா வெச்ச?" என்று க்யூவை நீட்டிக்கொண்டு டேபிளைச் சுற்றித் தேட ஆரம்பித்தார் அவர்.