காலேஜ் மார்க்கை ஏத்தினா எம்பிபிஎஸ் சீட் கிடைக்குமா?

1/
டிகிரி படிச்சிட்டு இருக்கீங்க. அரியர் இருக்கு, பர்சன்டேஜ் குறைவு. ஆனா டாக்டர் ஆகணும்ங்கிற ஆசை மட்டும் போகல. இப்படி ஒருத்தர் உங்க வீட்டுல இருந்தா, இந்த இழையைக் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அவங்ககிட்ட காட்டுங்க.

2/
முதல்ல நேரடி பதில். இந்தியாவுல எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு உங்க கல்லூரி மார்க்கை யாரும் பார்க்கறதில்ல. ரேங்க் முழுக்க நீட் மார்க்கை வெச்சுதான். நீங்க பி.எஸ்சி.யில 90 வாங்கினாலும் ஒரு மார்க் கூடாது, 6 அரியர் வெச்சிருந்தாலும் ஒரு மார்க் குறையாது.

3/
அப்போ "ஜிபிஏவை ஏத்துங்க, அறிவியல் பாடங்களைத் திரும்ப எடுத்துப் படிங்க"ன்னு யூடியூப்ல சொல்றாங்களேன்னு கேட்பீங்க. அது அமெரிக்கக் கதை. அங்க டிகிரி முடிச்ச பிறகுதான் மருத்துவம். 4.0க்கு எவ்வளவு ஜிபிஏன்னு பார்ப்பாங்க, கூடவே எம்கேட் தேர்வு. பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்துல, ஒரு பாடத்தைத் திரும்பப் படிச்சுப் பாஸானாலும் பழைய கிரேடும் சேர்த்துதான் கணக்கு. அதனால அவங்களுக்கு அந்த அறிவுரை சரி. நமக்குப் பொருந்தாது.

4/
நம்ம ஊர்ல இது புதுசும் இல்ல. நான் சேர்ந்த காலத்துல நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வெச்சு உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்கு கட்-ஆஃப் போடுவாங்க. அப்பவும் காலேஜ் மார்க் கணக்குல வரல. 2017ல இருந்து நீட்.

5/
இப்போ உங்களுக்குத் தகுதி இருக்கான்னு பாருங்க.
பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணுக்கும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50%, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40% வேணும். ஆங்கிலத்துல பாஸ் ஆகியிருக்கணும். இது இல்லாம நீட்ல எவ்வளவு வாங்கினாலும் சீட் இல்ல.

6/
வயசு? அதிகபட்ச வயது வரம்பை 2022லேயே எடுத்துட்டாங்க. எத்தனை தடவை எழுதலாம்ங்கிறதுக்கும் வரம்பு இல்ல.
பிளஸ் டூவுல உயிரியல் எடுக்காதவங்களும் அதைக் கூடுதல் பாடமா எழுதிப் பாஸ் பண்ணி வரலாம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பர்ல அறிவிச்சிருக்கு.

7/
6ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத் தமிழ்நாட்டுல 7.5% உள் ஒதுக்கீடு. "காலேஜ்ல சேர்ந்துட்டோமே, அது போயிடுச்சு"ன்னு சிலர் நினைக்கிறாங்க. போகாது. எந்தப் பள்ளியில படிச்சீங்கங்கிறதுதான் கணக்கு.

8/
இதோட இழையை முடிச்சிருக்கலாம். ஆனா "காலேஜ் மார்க் தேவையில்ல"ன்னு கேட்டதும் சந்தோஷமா டிஸ்கன்டினியூ பண்ணிடறாங்க. அங்கதான் ஆபத்து.
மார்க் குறைஞ்சது காய்ச்சல் மாதிரி. அது நோய் இல்ல, அறிகுறி. காரணம் டைபாய்டா டெங்குவான்னு பார்க்காம பாராசிட்டமால் மட்டும் குடுத்துட்டு இருக்க முடியாது.

9/
எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தரோட பையன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம், 6 அரியர். "எல்லாத்தையும் முடிச்சு மார்க்கை ஏத்திட்டா மெடிக்கல் கிடைக்குமா சார்?"னு அந்த அம்மா கேட்டாங்க. பையனைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். "எதுல தம்பி போச்சு?"ன்னு கேட்டேன். அலைடு பிசிக்ஸ், அலைடு மேத்ஸ்லதான் முக்கால்வாசி.

10/
பிளஸ் ஒன் இயற்பியல்ல ஒரு சின்னக் கணக்கு குடுத்தேன். ஃபார்முலா மனப்பாடமா சொல்றான். கேள்வி என்ன கேட்குதுன்னு புரியல. பள்ளியில தமிழ் வழி. காலேஜ்ல முதல் நாள்ல இருந்து எல்லாம் ஆங்கிலம். முதல் செமஸ்டர்ல விட்டது, அப்புறம் பிடிக்கவே முடியல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல.
இவன் இதைச் சரிபண்ணாம நீட்டுக்குப் போனா என்ன ஆகும்? 720ல 180 மார்க் இயற்பியல். அதே பள்ளம், அதே வண்டி.

11/
அதனால உங்களையே கேளுங்க. ஏன் குறைஞ்சது?
புரியலையா? பாடமே பிடிக்கலையா? ராத்திரி வேலைக்குப் போறீங்களா? தூக்கமே இல்லையா? எப்பவும் அசதியா இருந்தா ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்க. அது 7ல இருக்கும்போது "சோம்பேறி"ன்னு திட்டு வாங்கிட்டு இருந்த பெண்களை ஓபியில நிறைய பார்த்திருக்கேன். மனசு ரொம்ப சோர்வா இருந்தா டெலி மானஸ் 14416, கட்டணம் இல்ல.

12/
அடுத்து, ஒரு ஞாயித்துக்கிழமை போன வருஷ நீட் வினாத்தாளை எடுத்து வெச்சு, 3 மணி நேரம், 180 கேள்வி, போனை அணைச்சிட்டு எழுதுங்க. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. வர்ற மார்க்தான் உங்க இன்றைய நிலைமை. அதைப் பார்க்காம காலேஜை விடாதீங்க. பாடத்திட்டத்தையும் புதுசா எடுங்க. 2024 தேர்வுக்கு அதை மாத்திட்டாங்க, பழைய கைடு பாதி வீண்.

13/
அரியரை என்ன பண்றது? முடிங்க. மெடிக்கல் சீட்டுக்காக இல்ல, உங்களுக்காக. டிகிரி கையில இருந்தா குரூப் தேர்வு எழுதலாம், மேல படிக்கலாம், வேலைக்குப் போகலாம்.
ஆனா நீட் வழக்கமா மே முதல் வாரம். செமஸ்டர் தேர்வும் பெரும்பாலும் ஏப்ரல், மே. ரெண்டும் மோதும். அதனால அரியரை நவம்பர்லயே எழுதிடுங்க. பாஸான பேப்பர்ல மார்க்கை ஏத்தறேன்னு உட்கார வேண்டாம். அந்த நேரம் நீட்டுக்கு.

14/
"கம்மி மார்க்கா இருந்தாலும் வெளிநாட்டுல சீட் வாங்கித் தர்றோம்"னு போன் வரும். அதுக்கும் நீட்ல தகுதி பெறணும். படிப்பு குறைஞ்சது 54 மாசம், பயிற்சி 12 மாசம், ரெண்டும் அதே கல்லூரியில. திரும்பி வந்து ஸ்கிரீனிங் தேர்வுல 300க்கு 150 வாங்கணும். வீட்டை அடமானம் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

15/
சீட் கிடைச்ச பிறகும் கதை முடியல. எம்பிபிஎஸ் முதல் வருஷத் தேர்வுக்கு 4 வாய்ப்புதான். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, எல்லாமே ஆங்கிலத்துல. புரியலைன்னா கேட்கிற பழக்கம் இல்லாம அங்க போய் நிக்கிறது ரொம்ப கஷ்டம். அந்தப் பழக்கத்தை இப்பவே, இந்த அரியர் பேப்பர்லயே ஆரம்பிக்கலாம்.

16/
பெற்றோருக்கு ஒண்ணு. "இன்னும் எத்தனை வருஷம்?"னு தினமும் கேட்காதீங்க. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசி, இத்தனை முயற்சி, அதுக்கப்புறம் இதுன்னு முடிவு பண்ணி எழுதி வைங்க. முடிவு தேதி இல்லாத முயற்சிதான் பிள்ளைங்களை உடைக்குது.

17/
பழைய மார்க்‌ஷீட் உங்க நெத்தியில ஒட்டியிருக்கிற தீர்ப்பு இல்ல. அது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். கிழிச்சுப் போடவும் வேண்டாம், அதைப் பார்த்து அழவும் வேண்டாம். என்ன குறையுதுன்னு படிங்க, அதுக்கு வைத்தியம் பாருங்க.
சந்தேகம் இருந்தா கேளுங்க. டூட்டி முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.