ஷிசுவோகாவின் அச்சுக்காரர்கள்

மே மாதம் இரண்டாவது வாரம் ஷிசுவோகாவுக்குப் போனால், அடுத்த சில மாதங்களில் உலகத்தின் மாடல் கடைகளுக்கு வரப்போகும் டாங்கிகளையும் போர் விமானங்களையும் ரோபோக்களையும் விண்கலங்களையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். தோக்கியோவிலிருந்து தென்மேற்கே ஷிங்கான்சென் ரயிலில் ஒரு மணி நேரம். வானம் தெளிந்திருந்தால் வலப்பக்க ஜன்னலில் ஃபூஜி மலை தெரியும். தேயிலைக்குப் பேர்போன ஊர். ஜப்பானின் பிளாஸ்டிக் மாடல்களில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த மாகாணத்திலிருந்துதான் போகின்றன. டமியா, ஹாசெகாவா, அவோஷிமா, ஃபூஜிமி ஆகிய மாடல் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் சொந்த மண். ‘கன்டம்’ ரோபோக்களை வார்க்கும் பண்டாய் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கிறது. ‘மாடல்களின் உலகத் தலைநகர்’ என்று நகராட்சியே சொல்லிக்கொள்கிறது. நகரத்தில் ஒரு தபால் பெட்டியைக்கூட, சேர்த்துக் கட்டும் மாடல் கிட்டில் இன்னும் வெட்டியெடுக்காத பாகமாகச் சட்டத்துக்குள் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மே மாதம் நடக்கும் இந்தக் கண்காட்சியான ஷிசுவோகா ஹாபி ஷோ 1959இல் தொடங்கியது. ட்வின் மெஸ்ஸே அரங்கில் முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு, பிறகு ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு, கடைசி இரண்டு நாட்கள் பொதுமக்களுக்கு. கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு அட்டை: அளவு, விலை, எந்த மாதம் கடைக்கு வரும் என்ற விவரம். சிலவற்றில் ‘தயாரிப்பில் உள்ளது’ என்று மட்டும். எல்லோரும் முதலில் அட்டையைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

என் கண் போனது வேறிடத்துக்கு. முழு வண்ணம் பூசி, எழுத்துகளும் முத்திரைகளும் ஒட்டி நிற்கும் விமானத்துக்குப் பக்கத்தில், வண்ணமே இல்லாத சாம்பல் நிறத்தில் அதே விமானம் இன்னொன்று. இதை டெஸ்ட் ஷாட் என்கிறார்கள். அச்சு தயாரானதும் முதன்முதலாக வார்த்துப் பார்க்கும் உருப்படி. வண்ணம் எந்தக் குறையையும் மூடிவிடும்; சாம்பல் பிளாஸ்டிக்கில் ஒன்றையும் மறைக்க முடியாது. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தெரிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேர்மானத்தைச் செய்தவர்களைப் பார்க்கவே நான் வந்திருந்தேன்.

ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் நகரத்தின் ஓரத்தில் உள்ள ஓர் அச்சுப் பட்டறைக்கு அழைத்துப் போனார். மாடல் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் உருக்கு அச்சு செய்து கொடுக்கும் சிறிய இடம். எந்த நிறுவனத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கதவு திறந்தது. நியாயம்தான். ஒரு புதிய டாங்கி வரப்போகிறது என்ற செய்தி கசிந்தாலே இன்னொரு நிறுவனம் முந்திக்கொள்ளப் பார்க்கும் தொழில் இது.

உள்ளே எண்ணெய் வாடை. ஒரு தொட்டியில் எண்ணெய்க்குள் மூழ்கிய உருக்குக் கட்டியின்மேல் செம்பு மின்முனை ஒன்று இறங்கி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீலப் பொறிகள் ஓயாமல் தெறித்து உருக்கைத் துளித்துளியாக அரிக்கின்றன. செம்பில் வெட்டிய வடிவம் உருக்கில் குழியாக இறங்கும். அந்தக் குழிக்குள் உருகிய பாலிஸ்டைரீன் பாய்ந்து நிரம்பினால், செம்பில் இருந்த வடிவம் பிளாஸ்டிக்கில் திரும்பவும் கிடைக்கும். மின்முனைகளைக் கணினியில் வடிவமைக்கும் இளம்பெண் ஒரு பழைய அச்சுப் பாதியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிள்ளை தூக்குவதுபோல இரண்டு கையாலும் தாங்க வேண்டியிருந்தது, அவ்வளவு கனம்.

“விமானத்தின் உடலில் தகடுகள் சேரும் கோடு பள்ளமாக இருக்க வேண்டும். அப்படியானால் அச்சில் அது மேடாக நிற்க வேண்டும்” என்றார் அவர். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் உருக்கில் பள்ளம் கீறுவது எளிது. மேடு நிறுத்துவதற்குச் சுற்றியுள்ள உருக்கு முழுவதையும் எடுத்தாக வேண்டும். அதனால்தான் பழைய காலத்துக் கிட்களில் தகட்டுக் கோடுகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அச்சுக்காரர் கோட்டை நேராக உருக்கில் கீறிவிட்டுப் போயிருப்பார். செம்பு மின்முனை வந்தபின் கோட்டைச் செம்பில் கீறினால் போதும், அது உருக்கில் மேடாகிப் பிளாஸ்டிக்கில் பள்ளமாகும். எஃப்-35 விமானத்தில் கதை மறுபடி திரும்புகிறது. ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சுப் பட்டைகள் அதன் தகட்டுச் சேர்மானங்களின்மேல் சற்றே எழும்பி நிற்கும். 15.7 மீட்டர் நீள விமானத்தை 1/48 அளவில் 33 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தபின் அந்த எழுச்சி தெரியவும் வேண்டும், விரலில் உறுத்தவும் கூடாது.

பட்டறையின் கோடியில் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் ஓர் அச்சுக் குழியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய சாணைக்கல், பிறகு முனை சீவிய மரக்குச்சியில் வைரப் பசை. விமானியின் அறைக்கு மேல் வரும் கண்ணாடி மூடிக்கான அச்சு அது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்ப்பதால் அச்சில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் கண்ணாடியில் தெரியும். இன்றைய போர் விமானங்களின் மூடி அடியில் ஒடுங்கி நடுவில் பருத்த குமிழாக இருக்கும். அப்படிப்பட்டதை இரண்டு துண்டு அச்சிலிருந்து உருவ முடியாது. பக்கவாட்டில் நகரும் துண்டுகள் வேண்டும். அவை சந்திக்கும் இடத்தில் மூடியின் நடுமுதுகில் ஒரு கோடு விழுந்தே தீரும். கட்டுபவர் அதை உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றி அழிக்க வேண்டும்.

“அந்தக் கோட்டை என்னால் இல்லாமல் செய்ய முடியாது. வாங்குபவர் தேய்க்கும் நேரத்தைக் குறைக்க முடியும்” என்றார் பெரியவர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயத்தை நான் எந்தப் பெட்டியிலும் படித்ததில்லை. அச்சில் உருக்கை எடுக்கலாம், திரும்ப வைப்பது பெரும்பாடு. ஒரு பாகம் ஒல்லியாக வந்துவிட்டால் குழியை இன்னும் கொஞ்சம் குடைந்து பருமனாக்கலாம். தடிமனாக வந்துவிட்டால் குழியில் உலோகத்தைப் பற்றவைத்து மறுபடி செதுக்க வேண்டும். ஆகவே இரண்டு பாகங்கள் பொருந்தும் இடங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கம் குறைவாக விட்டுத்தான் தொடங்குவார்கள். டெஸ்ட் ஷாட் எடுப்பார்கள், கையால் சேர்த்துப் பார்ப்பார்கள், இம்மியளவு குடைவார்கள், மறுபடி எடுப்பார்கள். வார்ப்பது என்னவோ ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை: 200 டிகிரிக்கு மேல் சூடேறிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் செலுத்தி, குளிரவிட்டு, ஊசிகளால் தள்ளி வெளியே விடுகிறார்கள். அந்த நிமிடத்துக்கு முன்னால் வரைபடமும் அச்சும் திருத்தமுமாக ஓராண்டு போயிருக்கும். ‘அடுத்த மாதம் வரும்’ என்ற அட்டை ‘தாமதமாகும்’ என்று மாறினால் இணையத்தில் வைகிறார்கள். பெரும்பாலும் அப்போது ஓர் அச்சு இந்த மாதிரி ஒரு ஸ்டூலுக்குத் திரும்பி வந்திருக்கும்.

இந்தக் கைகள் இந்த ஊரில் ஏன் சேர்ந்தன என்பதற்கு நகரத்தார் செங்கென் ஆலயத்தைக் காட்டுகிறார்கள். தோக்குகாவா ஷோகன்கள் காலத்தில் அதைக் கட்டுவதற்காகத் தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் பல ஊர்களிலிருந்து வந்தார்கள். வேலை முடிந்தும் பலர் தங்கிவிட்டார்கள் என்பது இங்கு வழங்கும் வரலாறு. மரச்சாமான், பொம்மை, அரக்குப் பாத்திரம் என்று தொழில்கள் கிளைத்தன. 1924இல் தொடங்கிய அவோஷிமாவும் 1941இல் தொடங்கிய ஹாசெகாவாவும் மர மாடல்களில் வளர்ந்தவை. டமியா 1946இல் மரக்கடையாகத் தொடங்கியது. 1951இல் மர அறுவை ஆலை தீயில் போனபின் மாடல்களுக்கே முழுதாகத் திரும்பியது. ஜப்பானில் பிளாஸ்டிக் கிட் 1958இல் மருசான் நிறுவனத்தின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலோடு வந்தது. டமியாவின் முதல் பிளாஸ்டிக் கிட் 1960இல் வந்த 1/800 யமாட்டோ போர்க்கப்பல். போட்டி நிறுவனம் ஒன்று அதே கப்பலை விலை குறைத்து இறக்கியதால் அது அடி வாங்கியது.

பிறகு ஜெர்மானிய பேந்தர் டாங்கி வந்தது. உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலின் அகலத்தை முடிவு செய்தார்கள். கணக்குப் பார்த்தால் 1/35 அளவுக்கு வந்தது. பேட்டரி தீர்மானித்த அந்த அளவுதான் இன்று உலகம் முழுவதும் ராணுவ வாகன மாடல்களின் பொது அளவு. சீனாவின் புதிய நிறுவனங்களும் அதில்தான் செய்கின்றன. அந்த பேந்தரை உருவாக்கிய டமியா ஷுன்சாக்கு 2025 ஜூலையில் தன் 90ஆவது வயதில் காலமானார். நிஜ டாங்கிகளை அளக்க அமெரிக்காவின் அபர்டீனுக்கும் இங்கிலாந்தின் பாவிங்டனுக்கும் போனவர். அளப்பதற்காக நிஜ போர்ஷே காரையே வாங்கிப் பிரித்துப் போட்டவர். வெளிப் பட்டறைகளுக்காகக் காத்திருந்து அலுத்து, 1960களில் சொந்த அச்சுப் பிரிவைத் தொடங்கியதுதான் அவர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது என்பேன்.

விஞ்ஞானப் புனைவு மாடல்களைச் சிலர் சிறுபிள்ளை விளையாட்டாகப் பார்க்கிறார்கள். அச்சுக்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. 1979இல் தொலைக்காட்சியில் வந்த கன்டத்துக்கு 1980 ஜூலையில் பண்டாய் 300 யென்னுக்கு 1/144 கிட் போட்டது. 18 மீட்டர் ரோபோ 12.5 சென்டிமீட்டரில். இன்று ஒரே சட்டத்தில் நான்கு வண்ணம் வார்க்கிறார்கள். பசை வேண்டாம், அழுத்தினால் போதும். 2010இல் வந்த ரியல் கிரேடு வரிசையில், ஒன்றோடொன்று ஒட்டாத பிளாஸ்டிக்குகளை ஒரே அச்சில் அடுத்தடுத்துச் செலுத்தி, சட்டத்திலிருந்து எடுக்கும்போதே மடங்கி நீளும் மூட்டுகளை வார்த்தார்கள். பசை இருந்தால் சின்னப் பிசகை நிரப்பிவிடலாம். அழுத்திப் பொருத்தும் கிட்டில் அச்சின் துல்லியம் ஒன்றுதான் துணை. பட்டறைப் பெண்ணும் சொன்னார்: டாங்கியைவிட ரோபோதான் அவருக்குக் கடினம்.

ராணுவம், விஞ்ஞானப் புனைவு என்ற இரண்டு மாடல் உலகங்களும் வெகுகாலமாகக் கொடுத்து வாங்குகின்றன. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களுக்குக் கலைஞர்கள் கடையில் வாங்கிய டாங்கி, விமானக் கிட்களின் பாகங்களைத்தான் மேலே ஒட்டினார்கள். மாடல் கலைஞர் யோக்கோயாமா கோ 1982 முதல் உருவாக்கிய கவச உடைப் போர்வீரர்களும் அப்படிப் பலவற்றின் உதிரி பாகங்களிலிருந்தே பிறந்தார்கள். அவற்றை இப்போது ஹாசெகாவா 1/20 அளவில் கிட்டாகவே தருகிறது.

செங்கென் ஆலயத்துக்குப் பின்னால் ஷிசுஹாட்டா குன்று. கண்காட்சிக்கு வருகிறவர்கள் அங்கே ஏறிப் பார்க்க வேண்டும். 1945 ஜூனில் பி-29 விமானங்கள் இந்த நகரத்தை ஓர் இரவில் எரித்தன. ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். அன்று இரண்டு பி-29கள் வானில் மோதி விழுந்து 23 அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் அவர்களையும் அடக்கம் செய்தார். குன்றின்மேல் இரு தரப்புக்கும் நினைவுக்கல் உண்டு. விமானத்திலிருந்து கிடைத்த கருகிய தண்ணீர்க் குடுவையிலிருந்து ஆண்டுதோறும் கல்லின்மேல் போர்பன் மது ஊற்றி இரு நாட்டினரும் வணங்குகிறார்கள். எரிந்துபோன இந்த ஊர்தான் பிறகு உலகத்துக்குப் போர் விமானங்களைச் சிறிதாக்கிக் கொடுத்தது. அங்கே நின்றபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆயுதத்தை அழகாக்கிக் காட்டுவது சரியா என்ற கேள்வி அங்கே தீவிரமாக எழும்.

என் பதில் கண்காட்சியின் மற்றொரு கூடத்தில் கிடைத்தது. 1990இலிருந்து மாடல் சங்கங்களின் கூட்டுக் கண்காட்சியும் சேர்ந்தே நடக்கிறது. 200க்கு மேற்பட்ட சங்கங்கள் மேசை போடுகின்றன, வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். அங்கே கவிழ்ந்து துருவேறிய டாங்கிமேல் புல் முளைத்திருந்தது. இடிந்த வீட்டு வாசலில் மூட்டையோடு ஒரு கிழவி, பின்னால் ஒரு சிப்பாய் பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் செய்தது. அந்தக் கிழவியின் முகத்துக்கு மட்டும் வண்ணம் பூச எத்தனை இரவுகள் உட்கார்ந்திருப்பாரோ. போரைக் கையால் இவ்வளவு மெதுவாகச் செய்து பார்க்கிறவர் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

பட்டறைப் பெரியவரிடம் விடைபெறும்போது, வாங்குபவர்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நண்பர் மூலம் கேட்டேன். வீட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கி, விலை ஏறட்டும் என்று உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்களாமே, அதுதான் புரியவில்லை என்றார். நான் அவர் பக்கம். ஒரு கிட்டில் அவர் செய்த வேலை பெட்டியின் ஓவியத்தில் இல்லை, அட்டையில் அச்சடித்த மாதத்திலும் இல்லை. இறக்கை உடலில் போய் அமரும் அந்த இடத்தில் இருக்கிறது; சேர்த்துப் பார்த்தவருக்கு மட்டுமே அது தெரியும். அடுத்த மே மாதத்தில் என்ன வரப்போகிறது என்று காத்திருப்பவர்கள் காத்திருங்கள், தப்பில்லை. அதற்குள் உங்கள் பீரோவின்மேல் இருக்கும் பெட்டியை இறக்கி, உறையைப் பிரித்து, கட்டத் தொடங்குங்கள்.