சேற்றுக்குள் நடக்கும் தொண்டு

வீட்டைத் துப்புரவு செய்த ஒருநாள், பரணில் மிஞ்சிக் கிடந்த பூச்சிமருந்துப் போத்தலொன்றை நாம் வாய்க்காலில் ஊற்றினோம். “இது எங்கே போகும்?” என்று சிறுமகள் வினவினாள். “மழை வந்தால் கடலுக்குப் போய்விடும்” என்று விடையிறுத்தோம். கண்ணுக்கு மறைந்தது ஒழிந்தது என்பதே நமது கணக்கு. அக்கணக்குப் பிழையென்பதை நமக்குக் கற்பித்தது, நாம் நேரிற் கண்டறியாத ஓர் ஆற்றின் சேறு.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் தொழிற்சாலைகள் இரண்டு இருந்தன. மின்கருவிகளுக்காக அவை எளிதில் தீப்பற்றாத ஒருவகை எண்ணெயைப் பயன்படுத்தின. பீ.சீ.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். இணைந்த இரண்டு காபன் வளையங்களில் ஒன்று முதற் பத்து வரை குளோரீன் அணுக்கள் ஒட்டிய சேர்வைகள் அதில் உள்ளன. அக்குடும்பத்தில் 209 வகைகள் உண்டு. 1977 வரையிலான முப்பது ஆண்டுகளில் 13 இலட்சம் இறாத்தல் வரை ஆற்றிற் கலந்ததாக மதிப்பிடுகின்றனர். நீரிற் கரைய விரும்பாத அந்நஞ்சு சேற்றிற் படிந்தது. சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும் ஏறியது. 1976இல் மேல் ஹட்சனில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது.

பின்னர் அக்கம்பனியின் விஞ்ஞானிகளே ஒரு புதுமையைக் கண்டு 1987இல் வெளியிட்டனர். சேற்றிற் கிடந்த நஞ்சில், ஆற்றில் விட்டபோதிருந்ததைவிடக் குளோரீன் குறைந்திருந்தது! மறு ஆண்டிலே, மிச்சிகன் அரச பல்கலைக்கழக ஆய்வாளர், அச்சேற்று நுண்ணங்கிகளின் வேலையே இதுவென ஆய்வுகூடத்தில் மெய்ப்பித்தனர்.

நாம் சுவாசிக்கும்போது, உணவிலிருந்து வரும் இலத்திரன்களை இறுதியில் ஏற்பது ஒட்சிசன். சேற்றின் ஆழத்திலோ ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் சில நுண்ணங்கிகள் அதற்குப் பதிலாகக் குளோரீன் சேர்வையிடம் இலத்திரன்களைக் கொடுக்கின்றன. உடனே ஒரு குளோரீன் கழன்றுவிட, அவ்விடத்தில் ஐதரசன் அமர்கிறது. நமக்கு நஞ்சாயிருப்பது அவற்றுக்கு மூச்சாயிருக்கிறது. குளோரீன் குறைந்த மிச்சத்தை, ஒட்சிசனில் வாழும் வேறு பற்றீரியாக்கள் வளையத்தை உடைத்து உண்ணக்கூடும்.

இதனைப் படித்தபோது நாம் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. நமது பிழையை இயற்கையே திருத்திவிடும் என்று ஆறுதலடைந்தோம். ஆற்றைத் தோண்ட வேண்டியதில்லை என வாதாடியோருக்கும் இது நல்ல சான்றாயிற்று.

ஆனால், மேலும் படித்தபோது அவ்வாறுதல் குன்றியது. இரு வளையங்களும் கூடும் மூட்டுக்கு அருகிலுள்ள குளோரீனை அந்நுண்ணங்கிகள் பெரும்பாலும் கழற்றுவதில்லை. வளையங்களும் உடையாமற் கிடக்கின்றன. நஞ்சு செறிவு குறைந்த இடங்களில் அவற்றின் வேலை மந்தமாகிறது. எனவே, இயற்கையை மட்டும் நம்பியிருத்தல் போதாதெனக் கண்ட அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், சேற்றை அகழ வேண்டுமென 2002இல் முடிவு செய்தது. 2009 முதல் 2015 வரை, ஏறத்தாழ 27½ இலட்சம் கனயார் சேற்றை அக்கம்பனியே அகழ்ந்தெடுக்க நேர்ந்தது.

நுண்ணங்கிகளின் தொண்டு பெரிது; ஆயினும் அத்தொண்டு நமது கடமைக்கு ஈடாகாது. மகளுக்கு அன்று சொன்ன விடையை இன்று திருத்திக்கொண்டோம்: “அது எங்கேயும் போய்விடாது, பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின் தலையிற் சுமையாய் இருக்கும்.”