பாறைகள் குளிரும் கார்த்திகை: அரிட்டாபட்டிக்கு ஒரு நாள்

மதுரைக்காரர்களுக்குக் குளுமை என்றதும் நினைவுக்கு வருவது கொடைக்கானல்தான். ஆனால், ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது அரிட்டாபட்டி. மேலூர் சாலையில் யானைமலையைக் கடந்து, இடப்பக்கம் கிராமத்துச் சாலையில் திரும்பினால் மொட்டைப் பாறைக் குன்றுகள் வரிசையாகத் தெரியத் தொடங்கும்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பாறைகளில் கால் வைக்க முடியாது. வெயில் 40 டிகிரியைத் தொடும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்துவரும் பகுதியில்தான் அது வருகிறது. ராஜஸ்தானைப் போல எந்நாளும் மணலாகக் கிடப்பதல்ல தமிழ்நாட்டுப் பாலை. கோடையில் வந்து மழையில் மறைவது. அது மறைந்திருப்பதைப் பார்க்க ஏற்ற மாதங்கள் கார்த்திகையும் மார்கழியும்.

இங்கே ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. பாறை மழையைக் குடிப்பதில்லை. மேலே விழும் நீரில் பெரும்பங்கு வழிந்து கண்மாய்க்கு வருகிறது. மீதி விடுக்குகளில் இறங்கிச் சுனையாக ஊறுகிறது. பாண்டியர் காலத்தது என்று சொல்லப்படும் ஆனைகொண்டான் கண்மாயும் இங்கேதான் இருக்கிறது.

குன்றிலுள்ள குகைத்தளத்தில் ஒருகாலத்தில் சமணத் துறவிகள் தங்கினார்கள். மழைநீர் உள்ளே வராமல் வெளியே சொட்டும்படி நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய 2,200 ஆண்டுகள் பழைமையான தமிழ் பிராமிக் கல்வெட்டும் இங்கு உண்டு. முற்காலப் பாண்டியர் குடைவரை ஒன்றும் இருக்கிறது. அங்குள்ள இலகுலீசர் சிற்பம் தமிழகத்தில் அரிதாகவே காணக்கிடைப்பது.

அண்ணாந்து பார்த்தால் வல்லூறுகள் வட்டமிடும். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு உட்பட சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு. இதற்காகவே 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் அருகிலுள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, 193 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது.

சரியாக இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியை உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றுக் கிராமத்தினர் கொதித்தெழுந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் திரளாகப் பேரணி சென்றனர். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கண்மாய் போனால் வயல் போகும், வயல் போனால் ஊரே போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புவது நல்லது. மேலே கடைகள் கிடையாது. குடிநீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். ஈரப்பாறை வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள், சுனையில் இறங்க விடாதீர்கள். வல்லூறுகள் கூடு கட்டுவது பாறை இடுக்குகளில் என்பதால் கூச்சல் வேண்டாம். கல்வெட்டுக்குப் பக்கத்தில் பெயர் கிறுக்குவதும், பிளாஸ்டிக் பையை வீசிவிட்டு வருவதும் கூடவே கூடாது. ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றியதை ஒரு நாள் விருந்தாளிகள் கெடுத்துவிட்டு வரலாமா?