விளக்கு வைக்கும் நேரத்து கிடார்

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 2001 நவம்பர் 29 அன்று புற்றுநோயால் மறைந்தபோது, அவருடைய கடைசி ஆல்பம் பாதியில் நின்றது. மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் அதை முடித்து, மறு ஆண்டு ‘பிரெய்ன்வாஷ்டு’ என்று வெளியிட்டார்கள். அதில் வரிகளே இல்லாத ஒரே இசை ‘மார்வா ப்ளூஸ்’.

மார்வா, சூரியன் சாயும் பொழுதுக்கான இந்துஸ்தானி ராகம். ரவிசங்கரிடம் சிதார் கற்றவர் ஹாரிசன். இதில் வாசித்ததோ ஸ்லைடு கிடார். கம்பிமேல் குழாயை வழுக்கவிடுவதால் ஸ்வரங்கள் தாவாமல் இழைகின்றன, நம் கமகம் மாதிரி. பண்டிதர்கள் இதை மார்வா என்று ஒப்புக்கொள்வது சந்தேகம்தான். போகட்டும்! பாடிப் பிழைத்த மனிதர், வாயே திறக்காமல் விடைபெறுவதுபோல் இருக்கிறது.

2004-ல் இதற்கு கிராமி கிடைத்தது. நான்கு நிமிடம்கூட ஓடாது. இன்று விளக்கு வைத்ததும் கேட்டுப் பாருங்கள்.