என் ஊருக்கு நான் போட்ட கணக்கு

ஒரு விமான நிறுவனம் சென்னைக்கு விட்டுக்கொண்டிருந்த விமானத்தை நிறுத்தியது. நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவன் நான். அந்த அறிக்கை நேர்மையானதல்ல. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் தலைமையிடம் ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரம் என்பது போதும். அங்கே வழித்தடத் திட்டப் பிரிவில் இருந்தேன். எந்த ஊருக்குப் பறப்பது, வாரத்துக்கு எத்தனை நாள், எந்த விமானம் என்று கணக்குப் போடுகிற பிரிவு. தெற்காசியா என் பொறுப்பு. நான் பல்லாவரத்தில் வளர்ந்தவன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் சத்தத்தில் பரீட்சைக்குப் படித்தவன்.

நீங்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் நான் செய்தது என்ன என்று புரியாது. புரியாத இடத்தில் நான் ஒளிந்துகொள்வேன்.

இருக்கை நிரம்பினால் லாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018இல் நியூயார்க் பக்கத்து நுவார்க்குக்கு நேரடி விமானத்தை மறுபடி தொடங்கியபோது அதில் 161 இருக்கைகள்தான் வைத்தது. 67 பிசினஸ் கிளாஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி ஒன்றுகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் பறக்க எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். அந்தச் செலவைத் தாங்குகிறவர்கள் முன்வரிசைக்காரர்கள். பின்வரிசை எவ்வளவு நிரம்பினாலும் போதாது.

சென்னை விமானத்தில் பின்வரிசை எப்போதும் நிரம்பும். மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாக்கள், பேரனைப் பார்க்கப் போகிற தாத்தாக்கள், ஆகஸ்டில் கல்லூரி சேரும் மாணவர்கள். மாதக்கணக்கில் முன்னதாகவே மலிவான டிக்கெட் எடுத்துவிடுவார்கள். முன்வரிசை பாதி காலியாகப் போன நாட்கள் உண்டு. ஆனால் விமானத்தின் வயிற்றில் சரக்கு இருந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகன உதிரிபாகங்கள், ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து தோல் பொருட்கள். அவசரத்துக்கு ஏற்றுகிற சரக்குக்குக் கிலோவுக்கு நல்ல காசு. பயணி கண்ணில் படாத வருமானம் அது.

இதற்கெல்லாம் முன்னால் அனுமதி வேண்டும். 1944 சிகாகோ உடன்படிக்கையிலிருந்து இன்றுவரை ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்குச் சொந்தம். எத்தனை விமானம், எந்த ஊர் என்று அரசுகள் பேசி முடிக்கும். பிறகு நேரம். ஐரோப்பா போகிற விமானம் ஏன் நடுராத்திரியில் சென்னையை விட்டுக் கிளம்புகிறது என்று அலுத்துக்கொள்ளாதவர் இல்லை. காரணம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பிராங்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை விமானங்களுக்குத் தடை. பொழுது விடிந்ததும் ஆசிய விமானங்கள் வரிசையாக வந்து இறங்க வேண்டும். அதில் வந்தவர்கள் காலை அமெரிக்க விமானங்களைப் பிடிக்க வேண்டும். அந்த இணைப்பில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

என் குற்றமும் அந்த இணைப்பில்தான் நடந்தது.

ஒரு பேச்சுக்கு, சென்னையிலிருந்து எங்கள் நகரம் வழியாக டொரன்டோ போகிறவர் 70,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பணம் எந்த விமானத்துக்குச் சேரும்? ஒரு முறையில் தூரத்தை வைத்துப் பங்கு பிரிப்பார்கள். சென்னை விமானத்துக்கு 38,000, டொரன்டோ விமானத்துக்கு 32,000. இன்னொரு முறையில் வேறு கேள்வி கேட்பார்கள். சென்னை விமானம் இல்லாமல் போனால் இந்த ஆள் நம்மிடம் வருவாரா? வரமாட்டார். துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ போய்விடுவார். அப்படியானால் 70,000 ரூபாயும் சென்னையால் வந்தது. முதல் முறையில் நஷ்டம் காட்டுகிற வழித்தடம் இரண்டாவது முறையில் லாபம் காட்டும். இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. ஒரு விதிதான் உண்டு. இரண்டு ஊரை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே முறை.

2014இல் ஒப்பிட வேண்டிய நிலை வந்தது. எங்களிடம் உபரி விமானம் இல்லை. எண்ணெய் வளமுள்ள ஒரு நகரத்துக்குப் புதிதாகப் பறக்க வேண்டும் என்று மேலிடம் ஆசைப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலரைத் தாண்டியிருந்தது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் டிக்கெட் விலை பார்க்காமல் பிசினஸ் கிளாஸில் ஏறுவார்கள். அதற்கான விமானத்தை எந்த ஊரிலிருந்து எடுப்பது என்ற பட்டியலில் சென்னை இருந்தது.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு காபி மெஷின் பக்கத்தில் சக அதிகாரி ஒருவர் சொன்னார். “உங்கள் முடிவு எங்களுக்கு இப்போதே தெரியும். அம்மா வீட்டுக்குப் போக விமானம் வேண்டுமே!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் இந்தியன். கறாரானவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரின் மேல் எனக்கு ஆசை அதிகம். ஊர்ப் பாசத்தில் கணக்குப் போட்டான் என்ற பேச்சு வந்துவிடுமோ என்ற பயம் அதைவிட அதிகம். இது பயம் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இரண்டு ஊருக்கும் இரண்டு முறையிலும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். எந்த முறையை எடுத்தாலும், இரண்டுக்கும் அதையே வைத்தால் சென்னை கொஞ்சம் முன்னால் நின்றது. கொஞ்சம்தான். ஆனால் முன்னால். அன்று சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, எண்ணெய் நகரத்துக்கு முழு வருமான முறையை வைத்துக்கொண்டு சென்னையை மட்டும் பங்கு பிரிக்கும் முறைக்கு மாற்றினேன். கணினித் தாளில் ஒரு கட்டத்தைத் தட்டினால் விரிகிற பட்டியல். அதில் ஒரு தேர்வு. சென்னை வரிசை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. சரக்கு வருமானத்துக்குப் புதிய எண் கையில் இருந்தது. அதைப் போடாமல் முந்தைய ஆண்டின் எண்ணையே விட்டுவைத்தேன். அது குறைவான எண்.

சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது வருத்தமல்ல, நிம்மதி. எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் என் கீழே வேலை பார்த்த இளம்பெண் தாளைச் சரிசெய்து கொடுக்கும்போது கேட்டாள். “இரண்டு ஊருக்கும் முறை வேறு வேறாக இருக்கிறதே?” அவள் வேலைக்குப் புதுசு. “இந்திய வழித்தடங்களுக்கு இப்படித்தான் போடுவோம்” என்றேன். பொய். நான் இந்தியன் என்பதால் அவள் நம்பினாள். இந்தியன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தவன், அவள் வாயை மூட அதையே பயன்படுத்தினேன்.

கூட்டம் சீக்கிரம் முடிந்தது. தலைமை அதிகாரி என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு இதில் சம்மதமா?” என்று கேட்டார். “எண்கள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்” என்றேன். காபி மெஷின் பக்கத்தில் கேலி செய்தவர் வெளியே வந்து கைகொடுத்தார். அந்தக் கைகுலுக்கலுக்காகத்தான் அவ்வளவும்.

அறிவிப்பு வந்த அன்று சென்னை அலுவலக மேலாளர் கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர். மீனம்பாக்கத்தில் தலை நரைத்தவர். “தம்பி, நீங்க அங்க இருக்கீங்கன்னு தைரியமா இருந்தோம்” என்றார். கோபம் இல்லை. “கடைசி நிமிஷத்துல மேல மாத்திட்டாங்களா தம்பி?” என்று என் சார்பாக அவரே ஒரு காரணமும் தேடிக் கொடுத்தார். “ஆமா சார், கையில ஒண்ணும் இல்ல” என்றேன். அது இரண்டாவது பொய்.

எங்கள் பெட்டிகளை ஏற்றி இறக்கியவர்களும் கவுன்டரில் நின்ற பெண்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். விமானம் போனதும் ஒப்பந்தம் போனது. சிலருக்கு வேறு கம்பெனியில் இடம் கிடைத்தது. சிலருக்கு இல்லை. மேலாளர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்.

பிறகு அந்த அம்மாக்கள். எங்கள் விமானத்தில் தமிழ் பேசுகிற பணிப்பெண் ஒருவர் இருப்பார். கையில் மகள் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஏறுவார்கள். ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, என்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுங்கள்’ என்று அதில் இருக்கும். நான்காக மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, கேட்பவரிடமெல்லாம் நீட்டி நீட்டி மடிப்பில் கிழிந்திருக்கும். எங்கள் நகரத்தில் ஊழியர் அந்தச் சீட்டை எதிர்பார்த்து நிற்பார்கள். விமானம் நின்ற பிறகு அந்த அம்மாக்கள் வேறு விமான நிலையங்களில், நடுச்சாமத்தில், முன்பின் தெரியாதவர்களிடம் அதை நீட்டினார்கள். அவர்கள் என் கணக்கில் எந்தக் கட்டத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் அவர்கள் கொடுத்த காசு இருந்தது. அதைத்தான் நான் குறைத்துக் காட்டினேன்.

எண்ணெய் நகரம் நிலைக்கவில்லை. 2016 ஜனவரியில் கச்சா எண்ணெய் 30 டாலருக்குக் கீழே இறங்கியது. முன்வரிசை காலியானது. முதலில் நாட்களைக் குறைத்தோம், பிறகு நிறுத்தினோம். இந்த மயக்கத்தில் நாங்கள் மட்டும் விழவில்லை. எஸ்ஏஎஸ் விமான நிறுவனம் நார்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து ஹூஸ்டனுக்கு எண்ணெய்க்காரர்களை நம்பி 44 இருக்கைகள் கொண்ட விமானத்தை 2014 ஆகஸ்டில் விட்டது. 2015 அக்டோபரில் நிறுத்திவிட்டது. ஆனால் சந்தையைத் தவறாகக் கணித்தது வேறு, நான் செய்தது வேறு. நேர்மையாகப் போட்ட கணக்கும் பொய்க்கலாம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா தன் வான்வெளியை மூடியதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்றாக நீண்டது. அந்தத் தடத்தில் பறந்த ஃபின்ஏர் நிறுவனம் போட்டுவைத்த கணக்கெல்லாம் கவிழ்ந்தது. அதற்குக் கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அப்படி ஒரு சாக்கு இல்லை. வளைகுடாப் போட்டியில் சென்னை எப்படியும் நின்றிருக்கும் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இருக்கலாம். ஆனால் அதை நின்று பார்க்கும் வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

எண்ணெய் நகரம் நஷ்டப்பட்டதும் பழைய கோப்பைத் தோண்டினார்கள். முறை வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தாளின் அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயர். விசாரித்தபோது நான் சொன்னது ஒரே வாக்கியம். “சரிபார்ப்பில் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.” அதோடு தப்பு அவளுடையதாகிவிட்டது. எனக்குக் கவனக்குறைவு மட்டும். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பித் தன் மேலேயே சந்தேகப்பட்டாளா, அல்லது எல்லாம் புரிந்து பேசாமல் இருந்தாளா, எனக்குத் தெரியாது. அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு வேலையை விட்டுப் போனாள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அவள் விலாசம் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. பழைய நிறுவனத்துக்கும் எழுதவில்லை. முதல்முறையாக உங்களிடம்தான் சொல்கிறேன், அவளால் படிக்க முடியாத மொழியில். இதுவும் அந்தப் பயத்தின் மிச்சம்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.